கட்டைவிரல் தாளத்துக்கு ஒரு சின்ன கிட்டார்: ஃபிங்கர்பிக்கிங் ப்ளூஸ் ஆரம்பிக்கிறவங்க எப்படிப் பார்த்து வாங்குறது

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கிட்டார் வாசிக்கிறவங்கள்ல முக்காவாசிப் பேரு கோயில் கொயர்ல ஆரம்பிச்சவங்கதான், நானும் அப்படித்தான். கொயர்ல இருக்கிறது பெரிய பாடி கிட்டார், பிக்குங்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பிடிச்சு மொத்தமா அடிக்கணும், அத்தனை பேரு பாடுற சத்தத்துக்கு நடுவுல கேக்கணும், அதுக்கு அதுதான் சரி. ஆனா அதையே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து விரலால ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பிறந்த இசை) எடுத்துப் பாருங்க, தடிச்ச கம்பியோட முழக்கம் அடங்கவே அடங்காது, மெல்லிசுக் கம்பியில வாசிக்கிற பாட்டு அதுக்குள்ள முங்கிப் போயிரும். ரெண்டு வருஷம் என் விரல்லதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் மதுரையில ஒருத்தர் வீட்டுல சின்ன பாடி கிட்டார் ஒண்ணை மடியில வச்சு அதே நாலு வரியை வாசிச்சேன், கட்டைவிரல் தனியா, பாட்டு தனியா பிரிஞ்சு கேட்டுச்சு. கோளாறு விரல்ல இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

இப்ப மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கரையிலதான் நிக்கும், அதனால "அண்ணே, இந்தத் தடவை ப்ளூஸ் கத்துக்கலாம்னு இருக்கேன், எந்த கிட்டார் வாங்க?"ன்னு ரெண்டு மூணு தம்பிங்க கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்னதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன்.

1. வாங்குறதுக்கு முன்னாடி காதுக்கு ஒரு வாரம் குடுங்க

யூட்யூப்ல மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-ல பதிவு பண்ண பாட்டுகளைக் கேளுங்க. ஒரே ஆளு, ஒரே கிட்டார், ஆனா ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி இருக்கும். கட்டைவிரல் "தொம்-தொம்-தொம்-தொம்"னு நடந்துக்கிட்டே இருக்கும், அது மேல மத்த ரெண்டு விரல் பாட்டை எடுக்கும். அந்த மனுஷன் அவலான்ங்கிற சின்ன ஊர்ல வயக்காட்டு வேலை பார்த்துக்கிட்டு இருந்தவரு, பதிவு பண்ணதுக்கு அப்புறம் 35 வருஷம் வெளியுலகம் அவரை மறந்தே போச்சு, 1963-ல தேடிக் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் ராபர்ட் ஜான்சன், 1936-லயும் 1937-லயும் டெக்சாஸ்ல பதிவு பண்ணதுதான் மொத்தமே, 29 பாட்டு. அவரு கோட்டு சூட்டு போட்டு உக்காந்திருக்கிற போட்டோவுல கையில இருக்கிற கிட்டாரைப் பாருங்க, ஜிப்சன் கம்பெனியோட எல்-1, எவ்வளவு சின்னதுன்னு தெரியும். அந்தக் காலத்துல தபால்ல ஆர்டர் போட்டு வாங்குன விலை கம்மியான ஸ்டெல்லா மாதிரி கிட்டார்லதான் நிறைய பேரு வாசிச்சாங்க. இந்த இசைக்கு விலை கூடுன கிட்டார் வேணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

பெரிய கிட்டார்ல இந்த இசை வராதான்னா வரும். ரெவரெண்ட் கேரி டேவிஸ்னு இன்னொரு ப்ளூஸ்காரரு ஜிப்சனோட பெரிய ஜே-200-லதான் வாசிச்சாரு. ஆனா அவரு கையில இருந்த பலம் வேற. ஆரம்பிக்கிறவங்களுக்கு சின்ன பாடி வேலையைச் சுலபமாக்கும்.

2. சின்ன பாடின்னா எவ்வளவு சின்னது

கடையில "சின்னது வேணும்"னு மட்டும் கேட்டா குழந்தைங்க வாசிக்கிற முக்கால் சைஸை எடுத்து நீட்டுவாங்க. அது வேண்டாம், கம்பி தொளதொளன்னு இருக்கும், சத்தத்துல உடம்பே இருக்காது. நம்ம கேக்குறது முழு நீள கழுத்து, சின்ன வயிறு.

மார்ட்டின்ங்கிற அமெரிக்க கிட்டார் கம்பெனி வச்ச அளவுதான் இன்னைக்கும் எல்லாரும் சொல்றது. கீழ்ப்பக்க அகலம் 0 சைஸுக்கு 13½ இன்ச், 00-க்கு 14 இன்ச்சை விட கொஞ்சம் கூட, 000-வுக்கும் ஓஎம்ங்கிற மாடலுக்கும் 15 இன்ச். கொயர்ல இருக்கிற ட்ரெட்நாட் 15⅝. பார்க்க அரை இன்ச் கூடத்தான், ஆனா ஆழத்துல இருக்கு விஷயம், ட்ரெட்நாட் கிட்டத்தட்ட 4⅞ இன்ச் ஆழம், 000 வந்து 4⅛ தான். உள்ள காத்து கம்மின்னா அடிக்கம்பி குமுறுறது கம்மி. மேல்பலகை சின்னதுங்கிறதால லேசா தொட்டாலே பேசும், வத்தைங்கிற சின்ன நாட்டுப்படகும் விசைப்படகும் மாதிரின்னு வச்சுக்கங்க, சின்னது சட்டுன்னு திரும்பும். ட்ரெட்நாட்ங்கிறதே ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலோட பேருதான்.

நம்ம கடைகள்ல 0, 00ன்னு கேட்டா முழிப்பாங்க, "கன்சர்ட் சைஸ்"னு கேளுங்க. யமஹாவுல எஃப்எஸ்800, ஃபெண்டர்ல சிசி-60எஸ், ரெண்டும் இந்த வகைதான். ஒரு எழுத்துல ஏமாந்துராதீங்க, எஃப்ஜி800-ன்னா பெரிய பாடி, எஃப்எஸ்800-ன்னா சின்ன பாடி, டப்பாவுல இருக்கிற எழுத்தை வாசிச்சிட்டு வாங்குங்க. எல்லாரும் வச்சிருக்கிற எஃப்310-உம் பெரிய பாடிதான்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரும் சின்னதாத்தான் இருக்கும், ஆனா அது வேற சாதி. "இதுல இரும்புக் கம்பி மாட்டித் தர்றேன்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அந்த இழுவிசையைத் தாங்குற மாதிரி அதைக் கட்டல, கம்பியைப் பாடியில பிடிச்சிருக்கிற பிரிட்ஜ்ங்கிற கட்டை பிச்சுக்கிட்டு வந்துரும்.

3. கம்பிக்கு நடுவுல விரலுக்கு எடம்

கழுத்து உச்சியில கம்பி உக்கார்ற வெள்ளைத் துண்டுக்குப் பேரு நட். அதோட அகலம் விலை கம்மியானதுல பெரும்பாலும் 43 மில்லிமீட்டர். விரல்ல வாசிக்கிறவங்க 44.5 தேடுவாங்க. ஒன்றரை மில்லிமீட்டர்தானேன்னு தோணும், ஆறு கம்பிக்கு நடுவுல பிரிச்சுப் பாருங்க, வலை இழுத்துக் காய்ச்சுப்போன தடிச்ச விரலுக்கு அது பெரிய எடம். ஆனா பட்ஜெட்ல 43 தான் கிடைக்குதுன்னா மனசு விட வேண்டாம், அதுலயே வாசிக்கலாம், விரல் மெல்லிசா இருக்கிற பிள்ளைங்களுக்கு அதுதான் சௌகரியமாவும் இருக்கும்.

கம்பியோட நீளத்தையும் கேட்டுக்கங்க. 000-வுல 24.9 இன்ச், ஓஎம்ல 25.4. குட்டையானதுல இழுவிசை கம்மி, ப்ளூஸ்ல கம்பியை லேசா வளைச்சு அழ வைக்கிறதுக்கு விரல் நோகாது.

4. மரம்: நம்ம காத்துக்கு எது தாங்கும்

இங்கதான் மத்த ஊர்க்காரங்க சொல்ற யோசனை நமக்குப் பொருந்தாது. "முழுசும் சாலிட் மரத்துல (ஒட்டு இல்லாத ஒரே பலகை) வாங்கு"ம்பாங்க, கிட்டாருக்குச் சரியான ஈரப்பதம் 45-ல இருந்து 55 சதவீதம், நம்ம கரையில அது பெரும்பாலான நாளு இதைத் தாண்டித்தான் நிக்கும். ஈரம் குடிச்சா சாலிட் மரம் ஊதும், மேல்பலகை வயிறு மாதிரி புடைக்கும், கம்பி உயரும். அதனால நான் சொல்றது மேல்பலகை மட்டும் சாலிட் ஸ்ப்ரூஸ் மரம், பக்கமும் முதுகும் பிளை, அதாவது அடுக்கி ஒட்டுன பலகை. சத்தத்துல பெரும்பங்கு மேல்பலகையில இருந்துதான் வருது, அது நல்லா இருந்தா போதும், பிளை ஈரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் ஆடாது.

சாலிடா பிளையான்னு கண்டுபிடிக்க நடு ஓட்டையோட விளிம்பை போன் லைட் அடிச்சுப் பாருங்க. மேல ஓடுற நார்க்கோடு விளிம்புல அப்படியே கீழ இறங்குச்சுன்னா சாலிட். பலகை பலகையா அடுக்குத் தெரிஞ்சா பிளை.

5. கடையில உக்காந்து பார்க்குறது

இதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, கடைக்காரர் அவசரப்படுத்தினா அடுத்த கடை. "தம்பி, பெருசா எடுத்துக்கங்க, சவுண்டு வரும்"னு சொல்வாங்க, அவங்க சொல்றது ஸ்ட்ரம் பண்றவங்களுக்கு, அதாவது மொத்தமா அடிக்கிறவங்களுக்குச் சரி.

முதல்ல டியூன் பண்ணச் சொல்லிருங்க. அப்புறம் ஈ மேஜர்ங்கிற ஸ்வரக்கூட்டைப் பிடிங்க, வலது உள்ளங்கையோட ஓரத்தை பிரிட்ஜ் மேல, தடிச்ச கம்பிங்க பக்கமா லேசா சாய்ச்சு வைங்க, கம்பி பாதி அமுங்கணும். இப்ப கட்டைவிரல் மட்டும், ஆறாவது கம்பி (இருக்கிறதுலயே தடிச்சது, மெல்லிசுதான் முதல் கம்பி), நாலாவது கம்பி, ஆறு, நாலு, நம்ம நடக்குற வேகத்துல, ரெண்டு நிமிஷம். "தொம்"னு விழுந்து உடனே அடங்கணும். அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆள்காட்டி விரலால ரெண்டாவது கம்பியையும் நடுவிரலால முதல் கம்பியையும் இடையில தட்டுங்க. லேசா தட்டுனதுக்கே அந்த ரெண்டும் கட்டைவிரலைத் தாண்டி மேல வந்து கேட்டுச்சுன்னா அந்த கிட்டாரைத் தனியா எடுத்து வைங்க. ஓங்கித் தட்டினாத்தான் கேக்குதுன்னா திருப்பிக் குடுத்துருங்க. வாசிக்கத் தெரியலைன்னா கடைப் பையனை வாசிக்கச் சொல்லிட்டு எதிர்ல நில்லுங்க.

அடுத்து கம்பி உயரம். இதுக்கு ஸ்கேல் தேட வேண்டாம், பர்ஸ்ல இருக்கிற ஏடிஎம் கார்டு போதும், எழுத்து புடைக்காத வழுவழு கார்டு. ஒரு கார்டோட கனம் 0.76 மில்லிமீட்டர், உலகம் பூரா அதே அளவுதான். பன்னெண்டாவது ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) மேல மூணு கார்டை அடுக்கி ஆறாவது கம்பிக்குக் கீழ தள்ளுங்க, கம்பியைத் தூக்காம உரசிக்கிட்டு நுழைஞ்சா உயரம் சரி, கிட்டத்தட்ட 2.3 மில்லிமீட்டர். முதல் கம்பிக்கு ரெண்டு கார்டு. நாலு கார்டு தாராளமா போய் வருதுன்னா விரல் வலிச்சே ஒரு மாசத்துல விட்டுருவீங்க. கம்பெனியில இருந்து வர்ற புது கிட்டார்லயே இது நிறைய உயரமாத்தான் இருக்கும், பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற சேடில்ங்கிற துண்டை ராவி இறக்கித் தர முடியுமான்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடியே பேசிருங்க.

"ட்ரஸ் ராடைத் திருப்பினா சரியாயிரும்"னு சொன்னா முழுசா நம்பாதீங்க. அது கழுத்துக்குள்ள ஓடுற இரும்புத் தண்டு, கழுத்தோட வளைவை மட்டும்தான் சரி பண்ணும், கழுத்து பாடியில சேர்ற கோணத்தைத் தொடாது. வளைவைப் பார்க்க, ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்லயும் பதினாலாவது ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்கிட்டு ஏழாவது ஃப்ரெட்டைப் பாருங்க, ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற எடைவெளி இருக்கணும், அவ்வளவுதான். கடைசியா டியூனர் ஆப்பைப் போட்டு ஒவ்வொரு கம்பியையும் சும்மா தட்டி ஒரு தடவை, பன்னெண்டாவது ஃப்ரெட்ல பிடிச்சு ஒரு தடவை பாருங்க, ரெண்டும் ஒரே ஸ்வரம் காட்டணும்.

6. பழைய கிட்டார்னா

நம்ம கரையிலயே கிடந்த பழைய கிட்டார்னா பிரிட்ஜைத்தான் முதல்ல பார்க்கணும். என்னோட பழைய கிட்டார் ஒண்ணு மேல் மாடி ஷீட் ரூம்ல, கடலைப் பார்த்த ஜன்னல் பக்கத்துல ஆணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கச்சான் காத்து ஆரம்பிச்சு மூணு மாசம், ஈரம் மரத்தை ஊத வச்சிருச்சு, தகரச் சூடு பசையை இளக்கிருச்சு, கம்பி வேற முழு டியூன்ல இழுத்துக்கிட்டே இருக்கு. ஒரு நாள் துடைக்கும்போது பிரிட்ஜோட பின் ஓரத்துல முடி அளவு ஒரு கருப்புக் கோடு தெரிஞ்சுச்சு. கரண்ட் பில்லை எடுத்து அந்தக் கோட்டுல வச்சுத் தள்ளினேன், அரை விரக்கடை உள்ள போயிருச்சு. அன்னைக்கு வந்த பயம் இன்னும் ஞாபகம் இருக்கு. நீங்களும் ஒரு துண்டுப் பேப்பரோட போங்க, பிரிட்ஜைச் சுத்தி எங்கயாவது நுழைஞ்சா வாங்காதீங்க. மேல்பலகையை விரல் கணுவால அங்கங்க தட்டிக் கேளுங்க, கடகடன்னு ஆடுற சத்தம் வந்தா உள்ள தாங்கு கட்டை விட்டிருக்கு. ஓட்டைக்குள்ள மூக்கை வச்சு மோந்து பாருங்க, பூஞ்சை நாத்தம் அடிச்சா அது ரொம்ப நாளா ஈரத்துலயே கிடந்திருக்கு.

7. வீட்டுக்கு வந்தப்புறம்

கம்பி 11 கேஜ் (கம்பியோட தடிமன் கணக்கு) போடுங்க, சின்ன பாடிக்கும் புது விரலுக்கும் அது இதமா இருக்கும். இங்க சாதாரண கம்பி சீக்கிரமே கறுத்துரும், விரல்ல கருமையா ஒட்டும், சறுக்கும்போது நறநறங்கும். கோட்டிங் போட்ட கம்பி விலை கூட, ஆனா நம்ம உப்புக்காத்துல அதுதான் கடைசியில கட்டுப்படியாகுது. எந்தக் கம்பியா இருந்தாலும் வாசிச்சு முடிச்சதும் பழைய பருத்தி வேட்டித் துணியால கம்பியோட மேலயும் அடியிலயும் துடைச்சிருங்க, அடியிலதான் துரு ஆரம்பிக்கும். டியூனிங் கீ பல் வெளிய தெரியுற மாதிரி இருந்தா தையல் மிஷின் எண்ணெய் ஒரு பொட்டு, மரத்துல படாம.

சுவத்துல தொங்க விடாதீங்க, பையிலயோ பெட்டியிலயோ வைங்க, ஷீட் ரூம் வேண்டாம். பைக்குள்ள நீலக் கலர் சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு, ஒண்ணு கழுத்துப் பக்கம், ஒண்ணு பாடிப் பக்கம், கூட சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்ணு போட்டுட்டீங்கன்னா நம்பர் கண்ணுல படும். வாடைக்காத்து மழையில நீலம் சீக்கிரமே ரோஸ் ஆயிரும், அப்ப சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில மணியை மட்டும் கொட்டி லேசா சூடு காட்டினா திரும்ப நீலமாகும், ஆறின பிறகு பொட்டலத்துல போட்டு பைக்குள்ள வச்சிருங்க.