மலை உச்சியில் ஹாம் ரேடியோ: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

மதுரையைச் சுற்றி மலைக்குப் பஞ்சமில்லை. யானைமலை, நாகமலை, அழகர்மலை, கொஞ்சம் தள்ளிப் போனால் சிறுமலை. ஹாம் என்றால் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர். புதிதாக லைசென்ஸ் வாங்கும் பிள்ளைகள் பலர் ரேடியோ செட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மலைக்குத்தான் கிளம்புகிறார்கள். சந்தோஷம். ஆனால் நாங்கள் அன்றைக்கு மாட்டிக்கொண்ட அதே இடங்களில்தான் இவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்டெனா மாட்டாமல் பேசாதே, தண்ணீர் எடுத்துக்கொள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

யாரிடமும் சொல்லாமல் ஏறுவது

'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்னும் மலை உச்சித் திட்டம் 2002-ல் பிரிட்டனில் தொடங்கியது. அதில் புள்ளி வேண்டுமென்றால் ஓர் உச்சியிலிருந்து நாலு வெவ்வேறு ஸ்டேஷன்களோடு பேச வேண்டும். ரிப்பீட்டர், அதாவது நம் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம், அதன் வழியாகப் பேசியது கணக்கில் வராது, நேரடியாகப் பேச வேண்டும். சுற்றியிருக்கும் சமவெளியைவிட 1000 மீட்டர் உயரத்தில் நின்றால், 2 மீட்டர் பேண்ட் என்னும் ஹாம் அலைவரிசைப் பகுதியில் கணக்குப்படி 130 கிலோமீட்டர் வரை எட்டும். எட்டி என்ன பயன்? அந்த நேரத்தில் செட்டைப் போட்டு வைத்திருக்க ஆள் வேண்டாமா? நம் பக்கத்தில் ஹாம்கள் குறைவு. எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் வருவீர்கள் என்று முதல் நாள் இரவே நாலைந்து பேருக்குச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் வெறும் பாறையோடு பேசிவிட்டு இறங்க வேண்டியதுதான்.

'12 வோல்ட்' என்று ஒட்டியிருப்பதை நம்புவது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் கத்த வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்கவில்லை.

வீட்டில் செட் ஓடுவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளையில். அது 13.8 வோல்ட்டில் நிற்கும், பிரச்சினை இல்லை. மலைக்கு என்றதும் பேட்டரி வேண்டும். 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், யார் தூக்குவது? லேசாக இருக்கட்டும் என்று ஏதாவது கடையில் லித்தியம் செல் நாலைச் சேர்த்துக் கட்டித் தரச் சொல்கிறார்கள். கடைக்காரர் மேலே '12 வோல்ட்' என்று ஒட்டித் தந்துவிடுகிறார்.

லித்தியம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் வகைகள் வேறு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட். நாலு சேர்ந்தால் 12.8, முழுக்க ஏற்றினால் 14.6. செட்டுக்கு அது சரி. லேப்டாப் பேட்டரியில் இருக்கும் சாதாரண லித்தியம் அயான் செல் 3.7 வோல்ட். நாலு சேர்ந்தால் 14.8, முழுக்க ஏற்றினால் 16.8. பெரும்பாலான செட்டுகளின் கையேட்டில் 13.8 வோல்ட், கூடுதல் குறைவு 15 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது உச்சவரம்பு 15.8 சொச்சம்தான்.

சிறுமலைக்கு ஒரு தம்பி இப்படித்தான் வந்தார். கையில் புது செட், வீட்டில் பல மாதம் பேசிச் சேர்த்த காசு. "மொட்டை மாடியில் இதே பேட்டரியில்தான் அண்ணே டெஸ்ட் பண்ணினேன், அருமையா ஓடுச்சு" என்றார். ஓடியிருக்கும். மாடியில் அவர் பாதி சார்ஜில் போட்டிருக்கிறார், அப்போது 15 வோல்ட்டுக்குள் இருந்திருக்கும். மலைக்குப் போகிறோமே என்று முந்தின இரவு விடிய விடிய முழுக்க ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சுவிட்சைப் போட்டார். திரை ஒருமுறை மின்னியது. அப்புறம் எதுவும் இல்லை. கருகிய வாசனை மட்டும். ஃப்யூஸ் அப்படியே இருந்தது.

ஃப்யூஸ் ஏன் காப்பாற்றவில்லை என்று அவர் கேட்டார். ஃப்யூஸ் பார்ப்பது ஆம்பியரைத்தான், வோல்ட்டை அல்ல. சில செட்டுகள் வோல்ட் கூடினால் தானாக அணைந்துகொள்ளும். எல்லாம் அப்படி இல்லை. உள்ளே போன பாகத்துக்கு நம் ஊரில் எங்கே போவது? ஒரு நாள் பயணமும் போச்சு, செட்டும் போச்சு.

செய்ய வேண்டியது பெரிய வேலையே இல்லை. முழுக்க ஏற்றிய பேட்டரியை, செட்டோடு இணைக்காமல், மல்டிமீட்டரில் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் அந்தப் பேட்டரி மலைக்கு வேண்டாம். அயர்ன் பாஸ்பேட்டில் 6 ஆம்பியர்-மணி ஒன்று வாங்கினால் ஒரு கிலோவுக்குள் முடியும், 5 வாட் செட்டை அரை நாள் தாராளமாக ஓட்டும். முதலைவாய் கிளிப்பை அன்றோடு தூக்கிப் போடுங்கள். சிவப்பு கறுப்பு மாறிப்போவது உச்சி வெயிலில் கண் கூசும் நேரத்தில்தான் நடக்கும். அதற்குப் பதில் எக்ஸ்.டி.60 கனெக்டர் போடுங்கள், அது ஒரு பக்கமாகத்தான் நுழையும். இன்னொன்று, காய்ந்த புல்லுக்கு நடுவே வெயிலில் லித்தியம் பேட்டரியைப் போட்டு வைக்காதீர்கள், அதுவும் மார்ச், ஏப்ரலில்.

அனுமதி வாங்காமல் காட்டுக்குள் போவது

2018 குரங்கணித் தீக்குப் பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாறையில் முளை அடிக்கப் பார்ப்பது

யானைமலை முழுக்க ஒரே பாறை. முளை இறங்காது. ஆன்டெனா கம்பத்தைத் தாங்க மூன்று கயிறு, ஒவ்வொன்றின் நுனியிலும் கல் நிரப்பிய துணிப்பை, அது போதும். கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பமும் வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. அது பாதுகாக்கப்பட்ட இடம். சிற்பம் பக்கத்தில் கயிறு கட்டும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

எல்லாக் குன்றுக்கும் புள்ளி கேட்பது

மலை உச்சித் திட்டத்தில் ஒரு மலை சேர வேண்டுமென்றால் சுற்றுப்புறத்திலிருந்து குறைந்தது 150 மீட்டராவது தனித்து எழும்ப வேண்டும் என்பது பொது விதி. பட்டியலை வீட்டிலேயே பாருங்கள். உச்சியிலிருந்து 25 மீட்டர் இறக்கத்துக்குள் உட்கார்ந்துதான் பேச வேண்டும். நிழல் தேடிக் கீழே நகர்ந்தால் கணக்கு போச்சு.

சாப்பாட்டுப் பையைத் திறந்து வைப்பது

அழகர்கோயில் குரங்குகளிடம் கேளுங்கள்.

லைசென்ஸ் நகல் இல்லாமல் போவது

மலையில் கம்பமும் கம்பியும் பார்த்தால் ஊர்க்காரர்கள் விசாரிப்பார்கள், விசாரிக்கத்தான் வேண்டும்.

லாக்கில் நம்மூர் நேரம்

லாக் என்பது யாரோடு எப்போது பேசினோம் என்று எழுதும் குறிப்பேடு. அதில் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுதுங்கள், நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் வந்துவிடும். விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் பேசியிருந்தால் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும். இதில் தவறுகிறவர்கள்தான் அதிகம்.

மேகம் கறுத்த பிறகும் 'இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன்'

கம்பத்தை இறக்குங்கள். பேச்சே இல்லை.