வெள்ளி மாலையும் நான்கு மீட்டர் சுவரும்: போல்டரிங்குக்கு முதல்முறை செல்வோர்க்கு

வாரம் முழுவதும் கணினித் திரையையும் கூட்டங்களையும் சுமந்த தலை, வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தைவிட்டு வெளியே வந்த உடனே ஓய்ந்துவிடுவதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நான் இதற்குக் கண்டுகொண்ட வழி, உள்ளரங்கச் சுவரில் கயிறின்றி ஏறும் போல்டரிங். அடுத்து எந்தப் பிடியில் காலை ஊன்றுவது என்று தேடிக்கொண்டிருக்கும்போது, பதில் எழுதாத மின்னஞ்சல் நினைவுக்கு வருவதில்லை. வாரக் களைப்பு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. ஆயினும், ஜெர்மனியின் எர்லாங்கனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மனச்சோர்வு உள்ளவர்களுக்கான குழுச் சிகிச்சையில் போல்டரிங்கைச் சேர்த்து நல்ல பலன் கண்டு, 2015-இல் அதை வெளியிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கயிற்றுடன் ஏறுவதற்கு எட்டு வடிவ முடிச்சும் கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும் துணையாளும் வேண்டும். போல்டரிங்கில் சுவர் ஏறத்தாழ நான்கு மீட்டர்தான். கீழே ஓர் அடி கனத்தில் மெத்தை கிடக்கும். தனியாகவே போகலாம்.

புறப்படும் முன். நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். சுவரில் பொருத்தியிருக்கும் பிடியில் மோதிரம் சிக்கி உடல் எடை முழுவதும் அதில் தொங்கினால் விரலே போய்விடக்கூடும். கைகால்களை நன்றாக நீட்டி மடக்க இடம்தரும் உடை போதும்.

கூடத்தில். பொறுப்பேற்புப் படிவத்தில் கையெழுத்திட்டபின் காலணியை வாடகைக்கு எடுக்கலாம். கால்விரல் நுனி அதன் முன்பக்கத்தைத் தொட வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. கையில் பூசும் வெள்ளைத் தூள் மக்னீசியம் கார்பனேட். வியர்வையை உறிஞ்சும் இத்தூளை ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கிலிருந்து 1950-களில் பாறையேற்றத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜான் கில். பத்து நிமிடம் தோள், மணிக்கட்டு, விரல்களை அசைத்து உடலைச் சூடேற்றுங்கள்.

ஏறும் முன் விழக் கற்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தொடங்குங்கள். இரு பாதங்களும் ஒருசேர மெத்தையில் படவேண்டும். பட்டவுடன் முழங்கால்களை மடக்கி, அப்படியே அமர்ந்து, முதுகு வழியாகப் பின்னால் சாய்ந்து உருளுங்கள். தாடை நெஞ்சை ஒட்டியும், கைகள் மார்பின் குறுக்கேயும் இருக்கட்டும். கீழே விழுபவர் கையைப் பின்னால் ஊன்றப் பார்ப்பது இயல்பு. மணிக்கட்டும் முழங்கையும் உடைவது அந்த ஊன்றலில்தான். நாலைந்து முறை பழகியபின், முடிந்தபோதெல்லாம் குதிக்காமல் பிடிகளைப் பற்றியே இறங்குங்கள். மற்றவர் ஏறும் சுவருக்குக் கீழே ஒருபோதும் நிற்காதீர்கள்.

சுவரைப் படித்தல். பெரும்பாலான கூடங்களில் ஒரே நிறப் பிடிகள் சேர்ந்து ஒரு பாதையாகும். தொடக்கப் பிடிகளில் அடையாளம் இருக்கும். கடைசிப் பிடியை இரு கைகளாலும் நிலையாகப் பற்றினால் பாதை முடிந்தது. கடினத்தைப் பல இடங்களில் வி0, வி1 என்று எண்ணிடுவார்கள். சில கூடங்கள் தமக்கென்று தனி அளவு வைத்திருக்கும். இருப்பதிலேயே எளியதை எடுங்கள். வாரமெல்லாம் இலக்குகளைத் துரத்திவிட்டு இங்கேயும் எண்ணைத் துரத்துவது வீண் என்பது என் கருத்து.

ஏறும்போது. புதியவர்கள் ஒவ்வொரு பிடியையும் உடும்புப் பிடியாகப் பற்றுவார்கள். பத்தே நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். பனையேறுபவரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அவர் தளைநார் மாட்டிய காலால் உந்துகிறார், கைகள் உடலை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கின்றன. நீங்களும் கைகளை நீட்டியே வைத்து, பாதத்தின் நடுப்பகுதியை அல்லாமல் கட்டைவிரல் பக்கத்து நுனியைப் பிடியில் ஊன்றி, காலால் எழுங்கள். அடுத்த பிடி எட்டாதபோது கையை நீட்டுவதைவிடக் காலை ஒரு பிடி மேலே மாற்றுவதே பெரும்பாலும் தீர்வாகிறது. மூச்சை அடக்கிக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் அமர்ந்திருங்கள். முதல்நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். தசை வேகமாக வலுப்பெறும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் வலுப்பெறும். எனவே விளிம்பில் விரல் நுனியால் தொங்கும் சிறு பிடிகளை முதல் சில மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். விரலில் திடீரென வலித்தாலோ ‘டப்’ என்று ஒலி கேட்டாலோ அன்று ஏறுவதை அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மறுநாள் ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திறக்கவே முன்கை மறுக்கும். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். முடிக்காமல் விட்ட பாதையின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை பிடிகளைக் கழற்றிப் புதிய பாதை அமைப்பார்கள் என்பதால், அதற்குள் போனால்தான் அது அங்கே இருக்கும்.