டார்ச் லைட் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டார்ச் லைட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் தேடுகிறார்கள்: எத்தனை லூமென், அதாவது மொத்தம் எவ்வளவு ஒளி? பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பதும் அதுதான். ஒன்றில் 500 என்றும் இன்னொன்றில் 1000 என்றும் இருந்தால் கை தானாகவே 1000 பக்கம் போகிறது. அந்த எண் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது டார்ச்சைப் போட்ட முதல் சில நிமிடங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மின்சாரம் போன இரவில், நான்காவது மணி நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் மிச்சமிருக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. வெளிச்சம், உருவ அளவு, பேட்டரி தாங்கும் நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனித் தகுதிகளாகப் பார்ப்பதே அடிப்படைத் தவறு. மூன்றும் ஒரே கணக்குக்குள் அடங்கியவை. ஒன்றைக் கூட்டிக் கேட்டால் இன்னொன்றில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்க்கலாம். இன்றைய டார்ச்சுகளில் பரவலாகப் பயன்படுவது 18650 என்ற லித்தியம் அயன் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல செல் என்றால் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணி வரை, அதாவது 3.5 ஆம்பியர் மணி வரை இருக்கும். அதைச் செல்லின் மின்னழுத்தமான 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தரமான எல்.ஈ.டி. டார்ச்சுக்கு இது நியாயமான மதிப்பீடு. அப்படியானால் அந்தச் செல்லில் இருக்கும் மொத்த இருப்பு 1260 லூமென் மணி. அதை 1260 லூமெனாக ஒரு மணி நேரத்தில் செலவழிக்கலாம், 126 லூமெனாகப் பத்து மணி நேரமும் செலவழிக்கலாம். இப்போது பெட்டியைப் பாருங்கள்: 1200 லூமென், 3 மணி நேரம். பெருக்கினால் 3600 வருகிறது. இருப்பில் உள்ளதோ அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல்.

பெட்டியில் போட்டிருப்பது பொய்யா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. டார்ச்சுகளை அளப்பதற்கென்று 2009-இல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 என்ற தர நெறிமுறையைத்தான் பெரும்பாலான நல்ல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி, டார்ச்சைப் போட்ட 30 விநாடிக்குப் பிறகு வெளிச்சத்தை அளக்கத் தொடங்குகிறார்கள். அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரமே 'பேட்டரி நேரம்'. ஆகவே 3 மணி நேரம் என்பது 1200 லூமெனில் தொடங்கி 120 லூமெனில் முடிந்த 3 மணி நேரம். நடுவில் எப்போது, எவ்வளவு இறங்கியது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. நேரம் போகப் போக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வரைபடத்தைச் சில நிறுவனங்கள் கையேட்டில் தருகின்றன. அப்படித் தருகிற நிறுவனத்தின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது. வாங்குவதற்கு முன் அந்த ஒரு படத்தைத் தேடிப் பார்ப்பது மற்ற எல்லா விளம்பர வாசகங்களையும் படிப்பதைவிடப் பயனுள்ளது.

வெளிச்சம் இறங்குவதற்குப் பேட்டரி மட்டும் காரணமில்லை. எல்.ஈ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் டார்ச்சின் உலோக உடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். விரல் நீளமே உள்ள டார்ச்சில் அதற்கான உலோகமும் இல்லை, பரப்பும் இல்லை. அதனால் சில நிமிடங்களுக்குள், சிலவற்றில் ஒரே நிமிடத்தில், உள்ளிருக்கும் சுற்று தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். இது பழுதல்ல, கையையும் செல்லையும் காக்கும் ஏற்பாடு. ஆனால் சாவிக்கொத்தில் தொங்கும் அளவில் ஆயிரம் லூமென் என்று நம்பி வாங்கியவருக்கு நடைமுறையில் கிடைப்பது இருநூறோ முந்நூறோதான். பெரிய வெளிச்சம் தொடர்ந்து வேண்டுமென்றால் கனமான, தடித்த தலையுள்ள டார்ச்சைத்தான் எடுக்க வேண்டும். சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிக் குறைத்துக்கொள்வதில் பெரிய இழப்பும் இல்லை. நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் உணர்வதில்லை. இரு மடங்கு பிரகாசமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு லூமென் தேவைப்படுகிறது. 500-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடப் பலரால் சொல்ல முடியாது. அந்த நூறுக்காகப் பேட்டரி நேரத்தை இழப்பது வீண்.

லூமெனைப் பார்க்கிறவர்கள் கேண்டெலாவைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்தம். அது எவ்வளவு குவிந்து ஒரே திசையில் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. ஒரே 500 லூமென் உள்ள இரண்டு டார்ச்சுகளில் ஒன்று 2500 கேண்டெலாவாகவும் மற்றொன்று 40,000 கேண்டெலாவாகவும் இருக்கலாம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் போடும் தூரம் கிடைத்துவிடும்: முதலாவதற்கு 100 மீட்டர், இரண்டாவதற்கு 400 மீட்டர். அந்தத் தூரத்தின் எல்லையில் விழும் ஒளி வெறும் 0.25 லக்ஸ், ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சம். அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும், யார் என்று தெரியாது. எனவே போட்டிருக்கும் தூரத்தில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

தூரம் போகும் டார்ச் எல்லாவற்றுக்கும் உயர்ந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். 400 மீட்டர் போகும் ஒளிக்கற்றையைக் காலடிக்கு அடித்தால் நடுவில் கண்கூசும் வட்டமும் சுற்றிலும் இருட்டுமாக இருக்கும். நடப்பதற்கும், பழுது பார்ப்பதற்கும், அறைக்குள் புழங்குவதற்கும் பரந்து விழும் வெளிச்சமே ஏற்றது. வயல், நீர்நிலை, திறந்த வெளி என்று தொலைவில் தேட வேண்டியவர்களுக்குத்தான் குவிந்த கற்றை தேவை. மூடுபனியில் அதிக வெளிச்சம் முகத்துக்கே திரும்பி வந்து பார்வையை மறைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லோரும் உச்ச வெளிச்சத்தைச் சோதிக்கிறார்கள். மிகக் குறைந்த வெளிச்சத்தை யாரும் சோதிப்பதில்லை. உண்மையில் அன்றாடம் அதிகம் பயன்படுவது அதுதான். நள்ளிரவில் எழுந்து தண்ணீர் குடிக்க 1 முதல் 5 லூமென் போதும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. 200 லூமெனை ஒருமுறை சுவரில் அடித்தால் அந்தப் பழக்கம் அந்த நொடியே கலைந்துவிடும். ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள்: இருட்டறையில் குறைந்த நிலையில் போட்டு, புத்தகப் பக்கத்தை ஓர் அடி தூரத்தில் பிடியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்து, தாள் கண்ணைக் கூசவைக்காமல் இருந்தால் அது நல்ல குறைந்த நிலை. அப்படியே வெளிச்சத்தை உள்ளங்கையில் விழச் செய்யுங்கள். தோல் நீலம் பாய்ந்து, ரத்த ஓட்டமே இல்லாததுபோல் வெளிறித் தெரிந்தால் அந்த எல்.ஈ.டி. நிறங்களைச் சரியாகக் காட்டாது. சிவப்பு வயரையும் பழுப்பு வயரையும் பிரித்தறிய வேண்டிய வேலைக்கு அதை எடுக்க வேண்டாம்.

பேட்டரியில் ஏமாறுவது இன்னும் எளிது. 18650 அளவில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட செல்லைக் கண்டால் விலகிவிடுங்கள். அந்த அளவுக்குள் அவ்வளவு அடங்காது. சற்றுப் பெரிய 21700 செல்கூட பொதுவாக 5000 பக்கத்தில்தான் நிற்கிறது. உள்ளேயே மூடி ஒட்டப்பட்ட பேட்டரி உள்ள டார்ச்சும் எனக்கு உடன்பாடில்லை. செல் சோர்ந்துபோகும் நாளில் டார்ச்சையே எறிய வேண்டியதாகிவிடும். ஏஏ செல் போடும் டார்ச்சுகளின் பலம், செல் எங்கும் கிடைக்கும் என்பது. பலவீனம், ஒரு செல்லில் பொதுவாக 2 முதல் 3 வாட் மணிதான் இருக்கும் என்பது.

அவசரத்துக்கென்று எடுத்து வைக்கும் டார்ச்சுக்குத் தனிக் கவனம் வேண்டும். சாதாரண அல்கலைன் செல்லைப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அது கசிந்து உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும். செல்லைக் கழற்றி டார்ச்சின் பக்கத்திலேயே வையுங்கள். அல்லது ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல்லைப் போடுங்கள். அது பத்தாண்டுக்கு மேல் சார்ஜைத் தக்கவைக்கும். லித்தியம் அயன் செல்லை முழு சார்ஜில் வெயில் படும் இடத்தில் வைத்தால் அதன் கொள்ளளவு சீக்கிரம் குறையும். குளிர்ச்சியான இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜைப் பார்த்துக்கொள்வது நல்லது. பைக்குள் போடும் டார்ச்சாக இருந்தால் ஸ்விட்ச் தானாக அழுந்தி எரியாதபடி பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உச்ச வெளிச்சத்தில் துணியோடு ஒட்டிக் கிடந்தால் டார்ச் துணியைக் கருக்கிவிடும். பூட்டு இல்லாத பல டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே மின்தொடர்பு விட்டுப்போகும்.