ஃபோகஸ் ஸ்டாக்கிங்: ரெயில் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளை ஒரே படமாகச் சேர்ப்பது) ஆசை வந்ததும் பலரும் முதலில் வாங்குவது ரெயில், அதாவது கேமராவை நுணுக்கமாக முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டு. தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. எவ்வளவு பெரிதாக்கி எடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் எதையும் வாங்காதீர்கள், மற்ற எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான்.

1:1 (பொருள் தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுவது) வரை போதும் என்றால், முதலில் கேமரா மெனுவில் ஃபோகஸ் பிராக்கெட்டிங் இருக்கிறதா பாருங்கள் (நிக்கானில் ஃபோகஸ் ஷிஃப்ட் என்று இருக்கும்). லென்ஸ் மோட்டாரைக் கேமராவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்துத் தந்துவிடும், ரெயிலே வேண்டாம். ஆனால் மேனுவல் ஃபோகஸ் லென்ஸில் இது நடக்காது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு, அப்புறம் மெனுவைத் துழாவிப் பயனில்லை.

ரெயில் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. முழு ஃப்ரேம் கேமராவில் 1:1, எஃப்/5.6 என்றால் ஒரு படத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேலேயே தெளிவாக விழும்; இதற்குக் கையால் திருகும் ரெயிலே தாராளம், மோட்டார் ரெயிலுக்குக் கொடுக்கும் பணம் வீண். அதுவே 0.25 என்.ஏ. (ஒளியை வாங்கும் திறனின் அளவு) உள்ள 10 மடங்கு மைக்ரோஸ்கோப் அப்ஜெக்டிவ் (மைக்ரோஸ்கோப்பில் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்) என்றால் தெளிவாக விழுவது சுமார் 9 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் திருகில் அது 3 டிகிரி சொச்சம், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்பதால் அதற்கும் குறைவாகத் திருப்ப வேண்டும், அதையும் நூறு தடவை, ஒரே அளவாக. கையால் ஆகாத வேலை, இங்கே மோட்டார் கட்டாயம்.

அப்ஜெக்டிவ் வாங்கும்போது அதன் உடம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 160 (மி.மீ.யில் குழல் நீளம்) என்று இருந்தால், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே தூரத்தைக் கூட்டும் பெல்லோஸ் அல்லது எக்ஸ்டென்ஷன் டியூபில் மாட்டலாம். முடிவிலிக் குறி (∞) இருந்தால் படத்தைச் சென்சாரில் குவிக்கப் பின்னால் ஒரு டியூப் லென்ஸ் வேண்டும், பெரும்பாலும் 200 மி.மீ. டெலி லென்ஸே அந்த வேலையைச் செய்துவிடும். இதைக் கவனிக்காமல் வாங்கி, படம் ஓரமெல்லாம் குழம்புகிறதே என்று லென்ஸைத் திட்டுகிறவர்கள் உண்டு.

‘ஸ்டாக் எதற்கு, எஃப்/16 வைத்தால் போச்சு’ என்பதும் சரிவராது. 1:1-ல் அது நடைமுறையில் எஃப்/32, டிஃப்ராக்ஷன் (சின்னத் துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவது) நுணுக்கத்தைத் தின்றுவிடும்.

அடுத்து அதிர்வு. எத்தனை நல்ல ரெயிலாக இருந்தாலும், நடுக்கம்பத்தை உயர்த்திய லேசான ட்ரைபாடில் வைத்தால் எல்லாம் ஆடும். வீட்டுக்குள் என்றால் ட்ரைபாடே வேண்டாம், கேமராவையும் பொருளையும் ஒரே கனமான பலகையில் பூட்டுங்கள், ஆடினாலும் சேர்ந்தே ஆடும். எலக்ட்ரானிக் ஷட்டர் அதிர்வைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் பல கேமராக்களில் அதில் ஃபிளாஷ் எரியாது. ஃபிளாஷ் வைத்து எடுப்பதாக இருந்தால் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக எடுக்கும் நேரத்தைவிட இடைவெளியைக் குறைத்து வைத்தால் வரிசையில் நடுநடுவே இருட்டுப் படங்கள் விழும்.

வெளியே காற்றில் ஆடும் இலைமேல் உட்கார்ந்திருக்கும் உயிருள்ள பூச்சிக்கு ரெயிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். திருகை இரண்டு முறை திருப்புவதற்குள் அது பறந்துவிடும்.