இறுவட்டு மீட்பு: ஸ்டிக்கரில் கை வைக்காதீர்கள்

திருகோணமலையில் பழைய இறுவட்டுகளை மீட்கும் வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், ஒரு காலத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகளை விடுகிறார்கள். ஓரத்தில் பிடிக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டிக்கரை உரிப்பது

இதைக் காணும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. முன்பெல்லாம் திருமண வீடியோவைச் சீடியில் பதிந்து, மணமக்களின் படத்தை வட்ட ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுப்பார்கள். இங்கத்தைய ஈரக் கடற்காற்றில் அந்தத் தாளின் ஓரம் கிளம்பிவிடும். இறுவட்டு டிரைவில் அதிர்ந்து இரையும். உடனே நகத்தை விட்டு உரித்துவிடுகிறார்கள்.

பதிவு கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்புத்தான் காரணம். சீடியின் 1.2 மில்லிமீற்றர் தடிப்பில் ஏறக்குறைய முழுவதும் வெறும் பிளாஸ்டிக். பதிவைத் தாங்கும் சாயமும் உலோகப் படலமும் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தில், மெல்லிய பூச்சொன்றுக்கு அடியில் இருக்கின்றன. தாளை இழுத்தால் படலமும் சேர்ந்து வந்துவிடும்.

மூதூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் அல்பங்களை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோயிருந்தது. உறவினர் வீட்டில் இருந்த ஒரு சீடிதான் மிச்சம். என்னிடம் வருமுன்பே அதை யாரோ உரித்திருந்தார்கள். விளக்கின் முன் பிடித்தேன். நடுவிலிருந்து விளிம்பு வரை, நக அகலத்துக்கு வெளிச்சம் ஊடுருவியது. உரித்த தாளின் பசையில் வெள்ளித் துகள்கள் மின்னின. பதிவு நடுவிலிருந்து சுருளாக வெளியே ஓடுவது. ஒவ்வொரு சுற்றும் அந்த இடத்தில் அறுந்திருந்தது. கீழ்ப்பக்கக் கீறலைத் தேய்த்தாவது சரிசெய்யலாம். இல்லாத படலத்தை எந்த மென்பொருள் வாசிக்கும்?

கிளம்பிய ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்தி ஒட்டுங்கள். டிரைவின் வேகத்தை ஆகக் குறைத்து, முதலில் பிரதி எடுங்கள். டிவிடியில் பதிவு இரண்டு 0.6 மில்லிமீற்றர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

பற்பசை

கீழ்ப்பக்கக் கீறலைப் பற்பசையால் தேய்ப்பதா? முதற்பிரதி எடுக்கும்வரை வேண்டாம்.

பிரதி நின்றதும் கைவிடுவது

கோப்பை இழுத்துப் போட்டுப் பிரதி எடுத்தால் முதற்பழுதிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தனிக் கோப்பில் குறித்துவைக்கும். அதே குறிப்போடு வேறு டிரைவில் தொடரலாம். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று வாசித்துவிடுவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. வீசிடிக்கு (வீடியோ சீடி) மட்டும் இது சரிவராது. அதன் வீடியோத் துண்டுகள் சாதாரணத் தரவுச் சீடியில் போல 2048 அல்ல, 2324 பைட் கொண்டவை. அதற்கு ஐசோபஸ்டர் (IsoBuster) என்ற மென்பொருள்.

வெடிப்பு

நடு ஓட்டையிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் டிரைவில் போடவே கூடாது. சுழலும் வேகத்தில் சிதறிவிடும்.

வெற்று இறுவட்டு என்று நம்புவது

கமெராவில் பதிந்து, இறுதி செய்யாமல் (finalize) விட்ட 8 சென்றிமீற்றர் டிவிடிகள் கணினியில் வெறுமையாகத் தெரியும். ஃபோர்மட் செய்யவா என்று கணினி கேட்டால் மறுத்துவிடுங்கள். கீழ்ப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள்: நடுவைச் சுற்றி நிறம் மாறிய வளையம் தெரிந்தால், அந்த அகலத்துக்கு உள்ளே பதிவு இருக்கிறது.