கினாபாலு உச்சியில் கால் விரல் மரத்துப்போகாமல் இருக்க

கோலாலம்பூர்க் காலுக்குக் குளிர் பழக்கமில்லை. வருடம் முழுக்க சிலிப்பரில் திரிந்த பாதத்தை விடிகாலை ஐந்தரை மணிக்கு, சபாவில் இருக்கும் கினாபாலு மலையின் 4,095 மீட்டர் உச்சியில், காற்று வீசும் பாறையில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். உச்சிக்குப் போகும்போது மொத்தம் 26 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். விடிவதற்கு முன் அங்கே வெப்பம் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும், காற்று அடித்தால் அதைவிட மோசம்.

இதற்குப் பலர் செய்யும் வேலை, மூன்று ஜோடி காலுறையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வது. அப்படிப் போட்டவர்களுக்குத்தான் விரல் முதலில் மரத்துப்போகிறது.

இந்த விஷயத்தில் நல்ல வாத்தியார்கள் குளிர்நாட்டு மான் வேட்டைக்காரர்கள். உறைபனியில், மரத்தின்மேல் கட்டிய பரணில், மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். காலை உதறினால் மான் ஓடிவிடும். விவரம் தெரிந்தவர்கள் பரண் வரைக்கும் மெல்லிய காலுறையோடு மெதுவாக நடந்து வருவார்கள். ஏறி உட்கார்ந்ததும் ஈரக் காலுறையைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, பையிலிருந்து காய்ந்த கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டுவார்கள். காலுக்கடியில் ஒரு மெத்தைத் துண்டும் போடுவார்கள். நடப்பதற்கு ஒரு ஏற்பாடு, சும்மா இருப்பதற்கு இன்னொரு ஏற்பாடு. கினாபாலுவில் நாம் செய்ய வேண்டியதும் அதேதான்.

கால் ஏன் குளிர்கிறது?

முதல் காரணம் ஈரம். இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஆக, மேலே ஏறும்போது வியர்த்து நனைந்த காலுறை, நின்றதும் ஐஸ்பெட்டியாகிவிடுகிறது.

இரண்டாவது இறுக்கம். பாதத்துக்குச் சூடு ரத்தத்தோடுதான் வருகிறது. சப்பாத்து இறுகினால் ரத்தம் வராது. அதோடு, காலுறையில் சூட்டைப் பிடித்து வைப்பது நூல் அல்ல, நூலுக்கு நடுவில் இருக்கும் காற்று. அதை நசுக்கிவிட்டால் காலுறை தடிமனாக இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, காலுக்கடியில் இருக்கும் பாறை. நான்காவது, உடம்பே குளிர்ந்துபோவது. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். தொப்பியும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் இல்லாமல் காலுறைக்கு மட்டும் காசைக் கொட்டுவது வீண்.

படி 1: சப்பாத்தைச் சோதியுங்கள் (பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு)

நாலைந்து வருடமாகப் பெட்டிக்குள் தூங்கும் மலையேறும் சப்பாத்து உங்களிடம் இருந்தால், அதை எடுத்துப் பெருவிரலால் அடிப்பகுதியின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருக்கிறதா? மயிரிழை வெடிப்புகள் தெரிகிறதா? துகள் உதிர்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். பல சப்பாத்துகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன். நம் ஊர் ஈரப்பதத்தில் அது வருடக்கணக்கில் தானாகவே சிதையும். போடாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் சிதையும். மேலே தோல் புதுசு மாதிரி பளபளக்கும், பாதி மலையில் அடிப்பாகம் மொத்தமாகப் பெயர்ந்து வரும். கையில் கயிறோ ஒட்டு நாடாவோ கொண்டு போவது நல்லது.

புதிது வாங்குவதானால் சாயங்காலம் போங்கள். அந்த நேரத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகும் காலுறையையே கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அரை சைஸ் கூட்டுங்கள்.

குளிருக்கென்று செய்த பூட்ஸில் 200, 400, 800 கிராம் என்று எழுதியிருக்கும். அது பூட்ஸின் எடை இல்லை. உள்ளே வைத்த கதகதப்புப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 800 எல்லாம் உறைபனியில் அசையாமல் உட்காரும் வேட்டைக்காரர்களுக்கு. அதைப் போட்டுக்கொண்டு கினாபாலு ஏறினால் முதல் கிலோமீட்டரிலேயே காலுறையைப் பிழியலாம். நமக்குப் பஞ்சே இல்லாத, தண்ணீர் புகாத சாதாரண மலையேறும் சப்பாத்து போதும்.

அப்புறம் கம்போங் அடிடாஸ். தோட்டத்தில் மரம் சீவப் போனவர்கள் காலில் கிடந்த அதே கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். ஈரப் பாறையில் அதன் பிடிமானத்தை விலை கூடிய சப்பாத்துகள்கூடத் தோற்கடிப்பது கஷ்டம். விலையும் மலிவு. ஆனால் சுவர் மெல்லியது, வியர்வை வெளியேற வழியில்லை. அதைப் போடுகிறவர்கள் படி 6-இல் சொல்லும் காலுறை மாற்றத்தைத் தவிர்க்கவே கூடாது.

படி 2: காலுறை, மற்ற சாமான்கள்

பருத்திக் காலுறை வேண்டாம். தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. மெரினோ கம்பளி தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. தேவையானவை:

மெல்லிய செயற்கை நூல் காலுறை 2 ஜோடி, ஏறுவதற்கு.
நடுத்தரத் தடிமன் கம்பளிக் காலுறை 2 ஜோடி. ஒன்று உச்சிக்கு, இன்னொன்று தூங்குவதற்கு மட்டும்.
ரொட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் பை 4.
பழைய நாளிதழ் ஒன்று.
30-க்கு 30 செண்டிமீட்டர் ஃபோம் துண்டு ஒன்று.

அந்த ஃபோமுக்கு மலையேறும் கடைக்கு ஓட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் விளையாட ஏபிசி எழுத்துப் போட்டு ஒன்றோடொன்று கோக்கும் பாய் இருக்கிறதே, அதில் ஒரு கட்டம் போதும். எழுத்து கழன்று விழாத கட்டமாகப் பாருங்கள். சௌக்கிட் பக்கம் பண்டல் கடைகளில் குளிர் ஜாக்கெட்டும் கம்பளிச் சட்டையும் மலிவாகக் கிடைக்கும். காலுறையை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

பாதம் அதிகம் வியர்க்கிறவர்கள், அக்குளுக்குப் பூசும் வியர்வை குறைக்கும் மருந்தை ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் காய்ந்த பாதத்தில் பூசிக்கொள்ளலாம். அலுமினிய உப்பு கலந்ததாக இருக்க வேண்டும். வாசனைக்கு மட்டும் அடிப்பது உதவாது. வெடிப்போ புண்ணோ இருந்தால் பூச வேண்டாம்.

படி 3: வீட்டில் ஒத்திகை

ஏர்கோனை 16-இல் வையுங்கள். காலுறை, சப்பாத்து எல்லாம் போட்டு பத்துகேவ்ஸ் 272 படிகளை நாலு தடவை ஏறி இறங்கிய மாதிரி, மாடிப்படியில் வியர்க்க ஏறிவிட்டு வந்து, அந்த அறையில் 40 நிமிடம் அசையாமல் உட்காருங்கள். மறுநாள் அதையே செய்து, உட்காரும் முன் காலுறையை மட்டும் மாற்றுங்கள். வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

படி 4: முதல் நாள், திம்போஹோனிலிருந்து பானாலாபான் வரை

மலைப்பாதை தொடங்கும் திம்போஹோன் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து இரவு தங்கும் பானாலாபானுக்கு 6 கிலோமீட்டரில் சுமார் 1,400 மீட்டர் உயர வேண்டும். மெல்லிய காலுறை மட்டும் போடுங்கள். கால் லேசாகக் குளிர்ந்தால் குளிரட்டும், நடந்தால் சரியாகிவிடும். கம்பளி பையிலேயே, பிளாஸ்டிக்கில் சுற்றியபடி இருக்கட்டும்.

மத்தியானம் மழை பெய்யும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம் வந்ததும் முதல் வேலை தேநீர் இல்லை, சப்பாத்து. உள்ளட்டையை உருவித் தனியாக வையுங்கள். நாளிதழைக் கசக்கி முனை வரைக்கும் திணியுங்கள். அரை மணி கழித்து அந்தத் தாளை எடுத்தால் கனமாக இருக்கும். காய்ந்த தாளை மாற்றுங்கள். தூங்கப் போகும் முன் இன்னொரு முறை. முழுக்கக் காயாது, ஆனால் நசநசப்பு போய்விடும். தூங்கும்போது தூக்கத்துக்கென்று வைத்த காலுறை மட்டும். அன்று நடந்த காலுறையோடு போர்வைக்குள் நுழைந்தால் இரவு முழுக்கக் கால் சூடேறாது.

படி 5: நள்ளிரவு

இரண்டு மணி வாக்கில் எழுப்புவார்கள். மைலோவோ சூப்போ சூடாக ஏதாவது குடியுங்கள், வயிற்றில் கொஞ்சம் போடுங்கள். சப்பாத்து இன்னும் ஈரமாக இருந்தால், காய்ந்த மெல்லிய காலுறை, அதற்கு மேல் ரொட்டிப் பை, அதற்கு மேல் சப்பாத்து. பை விரல் நுனியில் சுருங்கி மடிப்பு விழுந்தால் அரை மணியில் கொப்புளம். அதனால் பையை மாட்டிய பிறகு நுனியை மேலே மடித்து வழுவழுப்பாகத் தடவி விடுங்கள். உள்ளே வியர்வை தங்கும், ஆகையால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கயிறு கட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். பாதத்தின் மேல் வரும் முதல் நாலு கண்ணிகளில் கயிறு தொளதொளவென்று இருக்கட்டும். கணுக்கால் வளையும் இடத்தில் கயிற்றை ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுங்கள். இழுவை அங்கேயே பூட்டிக்கொள்ளும். மேலே எவ்வளவு இறுக்கினாலும் கீழே இறுகாது, குதிகாலும் ஆடாது.

கடைசி 2.7 கிலோமீட்டரில் கயிறு பிடித்து ஏறும் இடங்களில் வியர்க்கும். வியர்க்குமுன்பே ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து விடுங்கள். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க நேர்ந்தால் நுனிக்காலில் எழும்பி எழும்பி இறங்குங்கள், 30 முறை. கெண்டைக்கால் சதை வேலை செய்தால் பாதத்தில் ரத்தம் ஓடும்.

படி 6: உச்சியில்

சபாவில் விடியல் கோலாலம்பூரைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி, ஆறு மணி வாக்கில். சீக்கிரம் ஏறிவிட்டவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். இதுதான் நம்முடைய பரண். பெயர்ப்பலகையோடு படம் எடுக்க வரிசையில் நிற்பதற்கு முன்னால், காற்று மறைந்த ஒரு பாறைக்குப் பின்னால் ஃபோமை விரித்து உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் கழற்றுங்கள். துடையுங்கள், கம்பளிக் காலுறையை மாட்டுங்கள், சப்பாத்தைப் போடுங்கள். அப்புறம் அடுத்த கால். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் விரைத்த கையால் மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறகு ஃபோம் மேல் ஏறி நில்லுங்கள்.

காற்றுப் பட்டதும் சூடாகும் ஒட்டுப் பொட்டலம் வைத்திருப்பவர்கள், அதற்குள் இருப்பது இரும்புத் தூள் என்பதை நினைவில் வையுங்கள். ஆக்சிஜன் பட்டு இரும்பு துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான், அதனால் கீழே சுட்ட அளவுக்கு அங்கே சுடாது. பத்து பதினைந்து நிமிடம் முன்பே பிரித்து வெளியே வையுங்கள். காலுறைக்கு மேல் ஒட்டுங்கள், தோலில் ஒட்டக் கூடாது. கைக்கென்று விற்பதைக் காலுக்குள் வைக்க வேண்டாம்.

தைலம் தேய்த்தால் சூடு வராது, சூடான மாதிரி தோன்றும், அவ்வளவுதான். சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும். மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து உடம்புச் சூட்டை வெளியே கொட்டும். மூன்றும் வேண்டாம்.

விரல் வலித்தால் பயமில்லை. வலி நின்று, உணர்ச்சியும் இல்லாமல், தோல் வெளிறிப் போனால் உடனே வழிகாட்டியிடம் சொல்லி இறங்குங்கள். தேய்க்காதீர்கள், அடுப்பருகே நீட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத கால் வெந்தாலும் தெரியாது. தங்குமிடத்தில் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். தண்ணீரின் சூட்டை இன்னொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவர்கள், குறிப்பாகப் பாதத்தில் ஏற்கெனவே மதமதப்பு இருப்பவர்கள், ஒட்டுப் பொட்டலத்தைத் தொடவே வேண்டாம். பயணத்துக்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

இறங்கும்போது பிளாஸ்டிக் பை, பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கயிற்றை மறுபடி கட்டுங்கள். இந்த முறை பாதத்தின் மேலும் சற்று இறுக்கமாக. இல்லாவிட்டால் விரல் முன்னால் இடித்து நகம் கறுக்கும். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழுவி, வெயிலில் போடாமல் விசிறிக் காற்றில் காய வைத்து, மாதம் ஒரு முறையாவது அதைப் போட்டுக்கொண்டு புக்கிட் காசிங் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள்.