கியர்பாக்ஸ் கணினியைத் திருத்தும் முன்னும் பின்னும்

"கியர் மாறும்போது இடிக்குது, கம்ப்யூட்டரை மாத்தி எழுதிக் கொடுங்க." என்னிடம் வரும் ஆட்டோமேட்டிக் லாரிகளில் பாதி இந்தப் புகாரோடுதான் வரும். நான் உடனே லேப்டாப்பைத் திறப்பதில்லை. முதலில் எண்ணெய். கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறிய பிறகு அளவு பார்க்க வேண்டும். கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடு போய்விட்டது என்று அர்த்தம். அதை எந்த நிரலும் சரிசெய்யாது. சிலர் லைன் பிரஷரை, அதாவது கிளட்சுகளை அழுத்தும் எண்ணெய் அழுத்தத்தை, கூட்டி எழுதி வழுக்கலை மறைக்கப் பார்ப்பார்கள். அதை நான் செய்யவே மாட்டேன்.

அடுத்தது வயரிங். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, சோதனைக் கருவியை மாட்டும் 9 பின் சாக்கெட்டில் சி, டி பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் வர வேண்டும். வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டைக் கம்பியான கேன் லைனின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கு 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் அந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டரில் தொடர்பு விட்டிருக்கிறது. கியர்பாக்ஸ் கணினியையே மாற்றச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு டேங்கர் லாரியில் நான் கண்டது இதைத்தான். இன்ஜின் எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) கொடுக்கிறது என்ற செய்தி விட்டுவிட்டு வந்தால் கணினி கிளட்ச் அழுத்தத்தைத் தோராயமாகத்தான் வைக்கும், கியர் இடிக்கும். ஒரு கனெக்டரைச் சுத்தம் செய்ததும் லாரி சரியாகிவிட்டது.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கணினியில் நிரலை எழுதும் வேலை. பழைய கேலிபரேஷன் எண் (கணினியில் இருக்கும் நிரலின் அடையாள எண்), எல்லா அமைப்புகள், பிழைக் குறியீடுகள் மூன்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். பிடிஓ (கியர்பாக்ஸிலிருந்து மற்றக் கருவிகளுக்குச் சக்தி எடுக்கும் பகுதி), ரிட்டார்டர் (வேகத்தைக் குறைக்கும் துணை பிரேக்) அமைப்புகளை மறக்க வேண்டாம். குப்பை லாரியில் பிடிஓ அமைப்பு அழிந்தால் பின்னால் இருக்கும் அமுக்கி அசையாது.

எழுதும்போது மின்னழுத்தம்தான் உயிர். 24 வோல்ட் வண்டியில் 25-க்குக் கீழே, 12 வோல்ட் வண்டியில் 12.5-க்குக் கீழே இருந்தால் நான் தொடங்குவதில்லை. அலைபாயாத பவர் சப்ளை ஒன்றை மாட்டுங்கள், ஸ்டார்ட் செய்யும் பூஸ்டர் சார்ஜர் வேண்டாம். விளக்கு, ஏசி, ரேடியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும். லேப்டாப்பில் ஸ்லீப் நேரத்தையும் எடுத்துவிடுங்கள். ஆரம்ப காலத்தில் பாதியில் லேப்டாப் தூங்கிப்போய், நான் ஒரு கணினியை இழந்தேன். அன்றிலிருந்து எழுதி முடியும்வரை லேப்டாப்பை வண்டியோடு இணைக்கும் அடாப்டர் கேபிளை யாரையும் தொட விடுவதில்லை.

எதை மாற்றலாம்? தயாரிப்பாளரின் மென்பொருள் திறந்துவிடும் அமைப்புகளை மட்டும். ஆக்ஸில் விகிதமும் (பின் அச்சின் பல்சக்கர விகிதம்) டயர் அளவும் தப்பாக இருந்தால் வேகமானி தப்பாகக் காட்டும், முதலில் அவற்றைத் திருத்துங்கள். ஏற்றத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கியர் அலைந்தால், மேல் கியருக்கு ஏறும் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் உயர்த்தும் ஷிப்ட் அட்டவணையைத் தேர்ந்தெடுக்கலாம். டீசல் கூடுதலாகப் போகும் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடுவேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு அமைப்பு. இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அப்புறம் பலர் தவறவிடும் கட்டம். கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டியிருந்தாலோ கணினியை மாற்றியிருந்தாலோ அடாப்டிவ் மதிப்புகளை, அதாவது கணினி தானாகக் கற்று வைத்த அளவுகளை, ரீசெட் செய்ய வேண்டும். ஒவ்வொரு கிளட்சும் நிரம்ப எவ்வளவு எண்ணெய் தேவை என்பதைக் கணினி ஓடி ஓடித்தான் கற்றுக்கொள்கிறது. எண்ணெய் சூடான பிறகு, காலியான சமதள ரோட்டில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து ஒவ்வொரு கியராக ஏற்றுங்கள். பிறகு மெதுவாக பிரேக் பிடித்து நிறுத்துங்கள். ஐந்தாறு தடவை. அடுத்து பாதி மிதியில் அதே மாதிரி, கடைசியில் முழு மிதியில். முதல் சில மாற்றங்கள் இடிக்கத்தான் செய்யும், அதைக் கேட்டுப் பயந்து மறுபடி ரீசெட் செய்தால் கற்றது அத்தனையும் போய்விடும்.

அந்த ஓட்டம் முடிந்த பிறகும் சாவியைக் கொடுப்பதில்லை. மறுநாள் காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, சுமையேற்றி ஒருமுறை ஓட்டி, பிழைக் குறியீடுகளைத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும்.